தண்ணி விழுதா?

தென்காசியில் என்னைக் கட்டிக்கொடுத்தபோது வாசுதேவநல்லூரில் எங்கள் தெருவே பொறாமைப்பட்டது. "கொடுத்து வச்சவ, நெனச்ச நேரம் குத்தாலத்துல குளிக்கலாம்" என்றார்கள். பன்னிரண்டு சாரல் காலம் போய்விட்டது. நானும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இட்லி அவித்தேன்.

ஜூன் பிறந்து மலையில் மேகம் இறங்கினால் போதும், வருஷம் பூராவும் பேசாத சொந்தமெல்லாம் போனில் நலம் விசாரிக்கும். நலம் ஒரு வரி. அடுத்த வரி, "தண்ணி விழுதா?" விழுகிறது என்றால் மறுநாள் வாசலில் வண்டி நிற்கும். மாடியில் ஈரத்துணி காயாது, கீழே அடுப்பு அணையாது. ஐந்தருவிக்குக் கிளம்பும்போது, "நீயும் வாயேன்" என்று ஒரு பேச்சுக்குக் கூப்பிடுவார்கள். நானும் ஒரு பேச்சுக்குச் சிரித்து வைப்பேன்.

இவர்களில் தலைமை விருந்தாளி, சென்னையில் இருக்கும் என் பெரிய நாத்தனார். இந்த வருஷம் மே மாத லீவுக்குக் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போய், மலைகளுக்கு நடுவே ஓர் ஏரிக்கரையில் பத்து நாள் தங்கி, போட்டோவாக அனுப்பித் தள்ளினார். நீல ஏரி, பனி மலை, ஸ்வெட்டர் போட்ட நாத்தனார். அடுப்படியில் நின்றபடி ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் பொம்மை அனுப்பினேன். ஜூலையில் போன் வந்தது. ஏரி பார்த்தாயிற்று, இனி என் சமையலறை.

"என்னட்டி, தண்ணி விழுதா?"

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "ஒரு சொட்டு இல்ல மதினி. பாறை காஞ்சு கெடக்கு."

ஊரே அருவியை வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்த வாரம் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவரோ, "அப்ப சரி, இந்தத் தடவ வரல" என்று வைத்துவிட்டார். இவ்வளவு சுலபமாக நம்புகிறவருக்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று இருந்தது.

நாலாம் நாள் காலை, "பழைய சோறும் ஊறுகாயும் இருக்கு" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மாற்றுப் புடவையோடு பஸ் ஏறினேன். ஐந்தருவியில் பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. நின்றேன். தண்ணீர் மண்டையில் விழுந்ததும் அத்தனை வருஷக் கடுப்பையும் சேர்த்துக் கத்தினேன். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் இன்னொருத்தியும் கத்திக்கொண்டிருந்தாள். முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தால், நாத்தனார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். அவரும் அப்படித்தான் நின்றார். பின்னால் இருந்தவர்கள் தள்ளியதில் இருவரும் வெளியே வந்து விழுந்தோம்.

"லாட்ஜுல தங்கியிருக்கேன்" என்றார், கேட்காமலே.

"நம்ம வீடு இருக்கையில லாட்ஜா மதினி?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. பொய் சொன்னவள் கோபப்படக் கூடாது என்று சட்டமா என்ன?

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "தப்பா நெனைக்காத. வீடியோ பாத்துட்டுதான் ஒனக்குப் போனே பண்ணினேன். வரலன்னு எப்படிச் சொல்லன்னு தவிச்சேன், நீயே தண்ணி இல்லன்னுட்ட, நல்லதாப் போச்சு. ஒன் வீட்டுக்கு வந்தா தின்னு முடிக்கவே பொழுது சரியாப் போயிருது. இட்லி ஆறிருமேன்னு அருவியில இருந்து பாதியில ஓடி வரணும். வேண்டாம்னா நீ மொகம் வாடுத. அந்த ஏரியில கால் நனைக்கக்கூட முடியல, அம்புட்டுக் குளிரு. இங்கனயாவது ஆசதீர குளிக்கணும்னு வந்தேன்."

பன்னிரண்டு வருஷம். எத்தனை படி அரிசி, எத்தனை விடியற்காலை. அவர் குளியலை நான் கெடுத்திருக்கிறேன், என் குளியலை அவர் கெடுத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் மனம் ஒருவர் கோணாமல் பார்த்துக்கொண்டோமாம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் புடவையைப் பிழிந்தேன்.

"பசிக்குதா மதினி?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.