பட்டாளத்தாருக்குச் சர்க்கரை கம்மி

போன வாரம் உத்திரமேரூரில் ஒரு காதுகுத்து. போகிற வழியில் வழக்கமான கடையில் டீ குடிக்க ஸ்கூட்டரை நிறுத்தினேன். அவ்வளவுதான்... போய்ச் சேரவே இல்லை. கண்ணெதிரே பஞ்சாயத்து ஓடும்போது யார்தான் நகர்வார்கள்?

தனம் டீக்கடையை ஒட்டி ரோட்டோரம் ஒரு சமாதி உண்டு. 'பெயர் தெரியாத போர்வீரர்' என்று கல்லில் எழுதியிருக்கும். எந்தச் சண்டை, எந்த ஊர், என்ன மதம் — ஒருவருக்கும் தெரியாது. அதனால் தேங்காயும் உடைப்பார்கள், மெழுகுவத்தியும் ஏற்றுவார்கள். காலையில் முதல் டீ அவருக்குத்தான் வைப்பார் தனம். சர்க்கரை கம்மி.

ஏன் கம்மி என்று ஒருமுறை கேட்டேன்.

"எம்மா வருசமா டீ குட்ச்சிக்கினு கீறாரு... சுகர் வந்துடாதா சார்?"

கேட்டதற்கு எனக்கு இது வேண்டும்தான்.

அன்றைக்கு ரோட்டை அகலப்படுத்த ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். பின்னால் பொக்லைன் உறுமிக்கொண்டு நின்றது.

"இவருக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா பேசலாம். இல்லேன்னா இப்பவே எடுத்துடுவோம்."

தனத்தின் முகம் செத்துவிட்டது. கல்லுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"நான் தங்கச்சி சார்!"

"ஏம்மா, அவர் செத்து நூறு வருஷம் இருக்கும் போல. நீ தங்கச்சியா?"

"நான் கடைசிப் பொண்ணு சார்."

பெஞ்சில் இருந்த பலராமன் சட்டென்று எழுந்தார். கொஞ்சம் தள்ளி வயல் வைத்திருப்பவர். "எனக்குப் பெரியப்பா சார்!"

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஜோசப்பும் விடவில்லை. "எங்கம்மாவுக்கு அண்ணன் சார். எனக்கு மாமா!"

இங்கேதான் சிக்கல். ஜோசப்பின் ஆடு பலராமனின் நாற்றங்காலில் வாய் வைத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? அவர் ஊர், இவர் காலனி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இன்ஜினியர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "உங்களுக்குப் பெரியப்பா... இவருக்குத் தாய்மாமா... அப்ப நீங்க ரெண்டு பேரும் மாமன் மச்சானா?"

ஆடுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டது. பலராமன் கல்லைப் பார்த்தார். பொக்லைனைப் பார்த்தார். கடைசியில் ஜோசப்பைப் பார்த்தார்.

"ஆமா சார். இன்னா மச்சான்... வூட்ல அல்லாரும் சௌக்கியமா?"

"சொகம் மச்சான். ஆடுங்கதான் கொஞ்சம் எளச்சிப் போச்சி."

சிரிக்கவா, கண்ணைத் துடைக்கவா? எனக்கு ரெண்டும் ஒன்றாக வந்து தொலைத்தது. அதற்குள் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் வேறு கொள்ளுப்பேரன், சகலை என்று கிளம்பிவிட்டார்கள்.

இன்ஜினியர் கும்பிட்டே விட்டார். "ஒரு சொந்தக்காரர்னா பேசிப் பார்க்கலாம். ஊரே சொந்தம்னா யாரால ஆவுறது? ரோட்டை எதிர்ப்பக்கமா இழுத்துக்கறோம், ஆளை விடுங்க!"

பொக்லைன் திரும்பிப் போனதும் தனம் எல்லோருக்கும் டீ போட்டார். மச்சான்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் — நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுத்தான். அதுவே பெரிய விஷயம் இல்லையா?

சாயங்காலம் என் தங்கை போனில் பிடிபிடியென்று பிடித்தாள். காதுகுத்துக்கு வராமல் அப்படி என்ன வெட்டி முறித்தாயாம்?

"சித்தப்பாவுக்கு ஓர் ஆபத்து. விட்டுட்டு வர முடியலை."

"எந்தச் சித்தப்பா?"

"பேர் தெரியாது" என்றேன்.