முப்பதாயிரத்து முப்பத்தொன்றும் சவரிமுத்து வாத்தியாரும்

சவரிமுத்து வாத்தியார் காலமாகிவிட்டார் என்று கோயில் தெருவில் கடை திறக்கும்போதே சேதி வந்தது. சோழி மாலை விற்கிற நம் சங்கத்தில் பலரும் அழுதீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அஞ்சலி எழுத ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் தாளை நீட்டியது உங்கள் தப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணைக் கண்டாலும் அது எந்த இனம் என்று பிரிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. பாம்பனில் படகு நின்றால் படகைப் பார்க்கமாட்டார், அதில் எழுதிய நம்பரைப் பார்ப்பார். என் கடை எண் இருபத்தெட்டு. அதை வகுக்கிற சின்ன எண்களைக் கூட்டினால் அதுவே வருமாம், நிறைவெண்ணாம். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடை நெறைவு. கடைக்காரன்தான் கொறை."

செயலாளர் பதவிக்கு நான் நின்றபோது, தலைவர் அவர். முப்பதாயிரத்து முப்பத்தொன்று பகா எண்ணா என்று நடுக்கூட்டத்தில் கேட்டார். தெரியாது என்றேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றையும் பெருக்கி ஒன்று கூட்டியதாம். எதனால் வகுத்தாலும் மீதி நிற்குமாம், ஆகவே பகா எண்ணாம்.

"இது தெரியாதவன் செயலாளரா ஒக்காந்தா சங்கம் வெளங்குமாலே?"

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்த கையோடு என்னைத் தோற்கடித்தீர்கள்.

நம் பெரிய மாலைக்கு ஐம்பத்தொன்பது சோழி, அடியில் ஒரு சின்னச் சங்கு. முப்பதாயிரத்து முப்பத்தொரு சோழியை எண்ணி வைத்துக் கோக்க உட்கார்ந்தேன். மிஞ்சுகிறதை அவர் மேசையில் கொட்டி, நீரே ஜெயித்தீர் என்று சொல்லி ஒழித்துவிடலாம் என்றுதான். என் மனைவி திட்டிக்கொண்டே கூடக் கோத்தாள். ஐந்நூற்று ஒன்பது மாலை ஆயிற்று. ஒரு சோழிகூட மிஞ்சவில்லை. அவள் பாயை மூன்று தடவை உதறிப் பார்த்தாள்.

அத்தனையையும் அவர் வாசலில் இறக்கினேன். ஒரு மாலையை எண்ணினார், உள்ளங்கையில் விரலால் வகுத்துப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் டீக்கடையில் அவர் பேச்சு மாறிவிட்டது. இரண்டு பகா எண்களைப் பெருக்கி வருவதற்கும் தனி இனம் உண்டாம். எனக்குத் தெரிகிறதா என்று சோதித்தாராம். பச்சைப் பொய்.

போன மாதம் அவர் படுக்கையில் கிடந்தபோது போனேன். நலம் விசாரிக்க இல்லை. கூட்டத்தில் தப்பை ஒத்துக்கொள்ளச் சொல்லத்தான் போனேன். மருந்துப் பெட்டியைக் கிழித்து, பழைய பெருக்கலில் பதினேழையும் சேர்த்து ஒன்று கூட்டி எழுதினார்: 510511.

"இது நிச்சயம் பகா எண். ஒடச்சுட்டு வாலே. கூட்டத்துல எந்திரிச்சு, நான்தான் தப்புன்னு சொல்றேன்."

ஐந்து லட்சம் சோழிக்கு எங்கே போவது? காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் வகுத்தேன். எனக்குத் தெரிந்த வகுத்தல், பாதி தப்பு வரும், அழித்து அழித்துப் போட்டேன். அவர் பெருக்கிய எண்களில் பதினேழு வரை எதைப் போட்டாலும் ஒன்று மீதி நின்றது. பத்தொன்பது போட்டேன். இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது தடவை போய், மீதி ஒன்றுமில்லை. அவர் இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அது. விடிந்ததும் கொண்டுபோகலாம் என்று இருந்தேன்.

ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா அந்த மனுசன்?

கூட்டத்தில் நீயே எழுந்து சொல்லேன் என்கிறீர்கள். மாட்டேன். அது அவர் வாயால் வரவேண்டிய வார்த்தை. அதைச் சொல்லாமலே தப்பித்துக்கொண்டார். எனக்கு மிச்சம் அந்தக் காலண்டர் தாளும் இந்தக் கோபமும். இரண்டையும் விடுகிறதாக இல்லை.