அக்கரையில் ஒரு கடலை

எங்கள் திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. சண்டையெல்லாம் முடிந்து, கோபம் தணிந்து, சாமி வந்து அமர்ந்த மலை இது. மற்ற ஊர்களில் கந்த சஷ்டிக்குச் சூரனை வதம் செய்யும்போது, இங்கே கூடை கூடையாகப் பூவைக் கொட்டி அர்ச்சனை செய்வார்கள். அந்த மலையைத் தினமும் கும்பிட்டுக்கொண்டே என் நைனா ஒரு சண்டையை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர்.

நைனா படித்தது ஐந்தாவதுதான். கே.ஜி.கண்டிகைப் பக்கம் இருந்த கொஞ்சம் நிலத்தில் வேர்க்கடலை பயிர் வைப்பார். ஏர் ஓட்டி முடித்து, மாட்டைக் கட்டினால் நேராக நூலகம். ஜெர்மன்காரன் ரஷ்யாவுக்கு ஒரு மாதம் முன்னால் கிளம்பியிருந்தால் பனியில் மாட்டியிருக்க மாட்டான் என்பார். ஜப்பான்காரன் அமெரிக்கன் கப்பலைச் சீண்டாமல் இருந்திருந்தால் கதையே வேறு என்பார். டீக்கடையில் வாத்தியார்களே கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் நைனாவைப் பட்டாளத்துக்குத் தலைவராகப் போட்டிருந்தால் போர் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும் என்று நான் மனதார நம்பினேன்.

வீட்டில் மட்டும் அவர் பர்மாவைத்தான் ஆடுவார். தாத்தா பட்டாளத்தில் சேர்ந்து அங்கே போனவர். நம் பட்டாளம் பின்வாங்கும்போது எதிரி வந்துவிடுவான் என்று ஓர் ஆற்றுப் பாலத்தை நம்மவர்களே விடியற்காலையில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். பாதிப் பேர் அக்கரையிலேயே நின்றுபோனார்கள். நீந்தித் தப்பி வந்த மணவூர்க்காரர் ஒருவர் சொன்ன செய்தி இது. சர்க்கார் காகிதத்தில் தாத்தா இறந்ததாக இல்லை. காணவில்லை என்றுதான் இருந்தது.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முதல் நாள் பெரியப்பா வருவார். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து நின்று தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்பது அவர் ஆசை. தம்பி வராமல் தான் மட்டும் விடுவதற்கு அவருக்கு மனசு வரவில்லை. நைனாவோ தரையில் பாயை விரித்துப் போரைப் பரப்பிவிடுவார்.

அந்த வருஷமும் அப்படித்தான். அம்மாவின் நீலப் புடவை ஆறு. என் ஸ்கேல் பாலம். நம் வீரர்கள் வேர்க்கடலை, ஜப்பான்காரன் புளியங்கொட்டை. மூட்டையில் தேடி மூன்று பருப்புள்ள கடலை ஒன்றை எடுத்து அக்கரையில் கடைசி ஆளாக வைப்பார். பாலத்தைச் சாயங்காலம் உடைத்திருந்தால் என்று ஒரு ஆட்டம். முந்தின நாளே ஆட்களை இழுத்திருந்தால் என்று ஒரு ஆட்டம். எந்த ஆட்டமானாலும் அந்தக் கடலையை ஒற்றை விரலால் தள்ளி ஸ்கேலைத் தாண்ட வைப்பார். தாண்டியதும் எல்லாவற்றையும் வாரிவிடுவார். மிச்சப் போரைப் பற்றிக் கவலையே படமாட்டார்.

நம் பக்கம்தான் ஜெயித்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அதை அவரிடம் சொன்னேன்.

"ஆங், ஜெயிச்சாங்க கண்ணு" என்றார், தலை நிமிராமல்.

ஜெயித்த போரை எதற்கு மறுபடி ஜெயிக்கப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

சுவரில் சாய்ந்திருந்த பெரியப்பா சிரித்தபடி, "சண்ட முடிஞ்சி சாமியே வந்து குந்தின ஊர்ல, நீ இன்னும் சண்ட போட்டுகினு கீறியேடா" என்றார்.

அடுத்த ஆட்டத்துக்கு எல்லாவற்றையும் பழையபடி அடுக்கிவிட்டு, கன்று அவிழ்த்துக்கொண்டது என்று நைனா எழுந்து போனார். எனக்குப் பசி. எட்டுகிற தூரத்தில் இருந்ததை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். நைனா திரும்பி வந்து உட்கார்ந்து புடவையைத் தூக்கிப் பார்த்தார். பாயை உதறினார்.

"அந்தக் கரையில ஒண்ணு வச்சிருந்தனே பாப்பா?"

"தின்னுட்டேன் நைனா."

அவர் திட்டவில்லை. நான் பயந்து போய், மூட்டைக்குள் கைவிட்டுத் தேடி, அதைப்போலவே மூன்று பருப்புள்ளதாக ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இத வச்சிக்கோ."

"அது இல்ல கண்ணு."

வெறும் ஸ்கேலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார். புடவையை மடித்தார். பெரியப்பாவைப் பார்க்காமலே, "காலைல எத்தினி மணிக்கு போவணும்ணா?" என்று கேட்டார். பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் மலையடிவாரக் குளத்தில் அண்ணனும் தம்பியும் ஈர வேட்டியோடு நின்றார்கள். சாஸ்திரிகள் தாத்தாவின் பெயரைக் கேட்டபோது நைனாதான் சொன்னார். பிறகு படியேறிப் போய் சாமி கும்பிட்டோம். முருகன் முன்னால் நைனா நின்றது போல அவ்வளவு நேரம் யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

அதன் பிறகும் டீக்கடையில் ரஷ்யப் பனி பேச்சு நடந்தது. பர்மா மட்டும் வரவில்லை. நான் தின்றதால்தான் ஆட்டம் நின்றுவிட்டது, நைனாவுக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் மூட்டை வரும்போதெல்லாம் மூன்று பருப்புக் கடலையாகத் தேடி அவர் சட்டைப் பையில் போட்டு வைப்பேன். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வயலுக்குப் போகிற வழியில் உரித்து, எனக்கு இரண்டு கொடுத்துவிட்டு, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் மென்றுகொண்டே நடப்பார்.