எட்டாவது முனை

விரல்நகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பச்சை வெளிச்சம் இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பகலில் பார்த்தால் கை சுத்தமாகத்தான் இருக்கும். இருட்டறைக்குள் போய் ஊதா விளக்கைப் போட்டால் நகக்கண், வளையல், சேலை முந்தி எல்லாம் மின்னும். தொண்ணூறுகளின் கடைசியில் கேரளாவில் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் நானும், சேச்சி என்று நான் கூப்பிடும் அக்காளும் வேலை பார்த்தோம். சேச்சி குளத்தூர்க்காரர்; என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். வேலைக்கு எடுத்த அன்றே எங்கள் இருவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புக்கையும் டிப்ளமா சான்றிதழையும் லேப் முதலாளியான சார் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு வருஷம் முடியாமல் அவை வெளியே வராது. வேறு வேலைக்கு மனுப் போட எங்களிடம் ஒரு காகிதம் கிடையாது. அந்த அலமாரியைத் தாண்டித்தான் கை கழுவக்கூடப் போக வேண்டும்.

எட்டு முனையுள்ள பிப்பெட் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. எங்கேயோ பழசாக வாங்கியது. எட்டுப் பேருடைய ரத்தநீரை ஒரே நேரத்தில் உறிஞ்சி எட்டுக் குழிகளில் விடும். பிறகு ஒளிரும் சாயத்தையும் அதுவே விடும். குழி பச்சையாக ஒளிர்ந்தால் நோய் உண்டு என்று அர்த்தம். முனைக்குள் பழைய சாயம் துளி மிச்சம் இருந்தாலும் நல்ல ஆரோக்கியமானவர் நோயாளி ஆகிவிடுவார். சாயங்காலம் அதைக் கழுவுவது நாள் மாற்றி நாள் எங்கள் முறை. முதலில் சோப்புக் கரைசல், பிறகு பல தடவை டிஸ்டில்டு வாட்டர், கடைசியில்தான் கொஞ்சம் ஸ்பிரிட். அதன்பின் இருட்டறையில் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எனக்கோ முன்பு வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியின் பழக்கம், ஸ்பிரிட் பட்டால் எல்லாம் சுத்தம் என்று. ஒருநாள் பாறசாலை பஸ் போய்விடுமே என்று முதலிலேயே ஸ்பிரிட்டைத் தாராளமாக விட்டு, விளக்கில் பார்க்காமலே ஓடினேன். கொதிநீரில் விழுந்த முட்டை வெள்ளை மாதிரி ரத்தநீர் சாயத்தோடு திரைந்து, ரப்பர் வளையம் தேய்ந்திருந்த எட்டாவது முனைக்குள் அப்பிக்கொண்டது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் எட்டாவது குழி ஒளிர்ந்தது. பெருங்கடவிளைக்காரி ஒருத்தியின் ரத்தம். இரண்டு கரு கலைந்து, மூன்றாவது நாலு மாதம். நோய் இருந்தால் இதை வைத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மத்தியானமே அவள் கணவர் வந்து ரிப்போர்ட்டை வாங்கிப் போனார். இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சேச்சிக்கு அதற்குப் பிறகுதான் சந்தேகம் தட்டியது. வெறும் தண்ணீரை முனைகளின் வழியே விட்டு இருட்டறைக்குக் கொண்டுபோனார். எட்டாவது குழியில் தண்ணீரும் பச்சையாக நின்றது.

சாரிடம் சொன்னோம். முத்திரை வைத்துக் கொடுத்த ரிப்போர்ட்டைத் தப்பு என்று சொன்னால் நாளைக்கு இந்தப் படியேற யார் வருவார்கள் என்று மலையாளத்தில் சீறினார். வெளியே வாய் திறப்பவர் தன் சான்றிதழை மறந்துவிடலாம் என்றார். பிறகு, நேற்றுக் கழுவியது யார் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நானாக்கும் சாரே," என்றார் சேச்சி.

யாருடைய முறை என்பதை மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி நினைத்தது எனக்கு வெகு சௌகரியமாக இருந்தது. அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு பெருங்கடவிளை பஸ்ஸுக்கு நின்றவர், கூட வருகிறாயா என்று என்னைக் கேட்டார். அம்மா தேடுவாள் என்றேன். அவர் தனியாகப் போய், வேறு இடத்தில் ஒருமுறை பரிசோதித்துவிட்டு முடிவெடுங்கள் என்று அந்த வீட்டில் சொல்லியிருக்கிறார். சாருக்குத் தெரிந்துவிட்டது. சேச்சிக்கு வேலையும் போயிற்று, சான்றிதழும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த பதினான்கு மாதமும் நான் அந்த எட்டாவது முனையைக் கழுவி, என் சான்றிதழை வாங்கிக்கொண்டு, சர்க்கார் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்தேன்.

போன வருஷம் பாறசாலையில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு லைனிங் துணி வெட்டித் தந்தவர் சேச்சி. தலை நரைத்திருந்தது. இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன்: "அண்ணைக்குக் கழுவுனது நான் சேச்சி."

கத்தரி நிற்கவில்லை. "எனக்குத் தெரியும் மக்கா. ஸ்பிரிட் குப்பி பாதி காலியாட்டுல்லா கிடந்துது. நான் ஒரு மூடிக்கு மேல எடுக்கமாட்டேனே."

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் எப்படியும் அந்தப் பிள்ளைக்க வீட்டுக்குப் போகத்தான் இருந்தேன். எனக்க புக்கு போனது போச்சு. உனக்க புக்கும் எதுக்குப் போகணும்?"

துணியை மடித்து என் கையில் தந்தார். "அவளுக்கு ஆம்பிளப்பிள்ள பிறந்துது. நீ அறிஞ்சியா?"

நான் அறிந்திருக்கவில்லை. பெருங்கடவிளை வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கி விசாரித்ததில்லை.