விழாத சீட்டு

அத்தைக்கு உலகத்தில் எல்லோர் மேலும் இரக்கம் உண்டு. லாட்டரிக் கடைக்காரர் மேல் மட்டும் சந்தேகம். லாட்டரிக்குத் தடை வராத காலம் அது. வலங்கைமான் கடைத்தெருவில் கயிறு கட்டி, துணி உலர்த்துவது போலச் சீட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். காற்றடித்தால் லட்சங்களும் கோடிகளும் சலசலக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

எங்கள் மேலத்தெருவில் ஒரு பெண் யாரோ ஒரு கடைக்காரரிடம் சீட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல, அவர் "விழலம்மா" என்று கூடையில் போட்டுவிட்டாராம். மூன்று நாள் கழித்துப் பழைய பேப்பரில் தன் நம்பரைப் பார்த்து அவள் மயங்கி விழுந்தது ஊரறிந்த கதை. அந்தக் கடை இருந்தது வேறு ஊரில். ஆனால் அத்தைக்குக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

அதனால் அவள் தனக்கென்று சில சட்டங்களை வைத்திருந்தாள். சீட்டை வாங்கியதும் நம்பரைக் காலண்டரில் எழுதிவிட வேண்டும். பின்பக்கம் பெயர் எழுத வேண்டும். சீட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்கலாம், ஆனால் எண் மேல் படக் கூடாது. முடிவு வந்த அன்று கடைக்குப் போனால் சீட்டின் நுனியை விடவே கூடாது.

"சீட்டக் குடுங்கக்கா, பாத்துட்டுத் தரேன்" என்பார் கடைக்காரர்.

"நான் புடிச்சிக்கிறேன், நீங்க அங்கேருந்தே பாருங்க."

"நான் என்ன முழுங்கிடவா போறேன்?"

"முழுங்க மாட்டீங்க. என் மனசு கேக்கணும்ல."

அவர் எக்கி எக்கிப் பார்ப்பார். விழாத சீட்டையும் அத்தை அங்கே விட்டுவிட்டு வரமாட்டாள். விழவில்லை என்று அடுத்தவர் வாய்தானே சொல்கிறது, சீட்டு நம்மிடம்தான் இருக்க வேண்டும் என்பாள். அப்படிச் சேர்ந்த சீட்டுகள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன.

சீட்டை எடுத்துக் கொடுப்பது நான். எனக்குக் கைராசி என்று அத்தை முடிவு செய்திருந்தாள். ஒன்பது வயதில் யார்தான் அதை மறுப்பார்கள்? பின்பக்கம் பெயர் எழுதுவதும் நானே. பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் மாமா பெயரில் இருந்ததால் சீட்டும் மாமா பெயரில்தான். புருஷன் பெயரை அத்தை சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். நான் நாக்கைத் துருத்திக்கொண்டு குண்டு குண்டாக எழுதுவேன்.

மாமாவுக்காகத்தான் அத்தனை சீட்டும். துபாயில் வேலை முடிந்து அவர் ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கல்யாணமான ஒன்பது வருடத்தில் அதற்கு முன் அவர் வீட்டில் இருந்தது மொத்தம் பதினோரு மாதம் என்று அத்தை விரல்விட்டு எண்ணிச் சொல்வாள். ஆனால் வந்த வருடம் பார்த்து ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குடமுருட்டி மணலாகக் கிடந்தது. குறுவையும் இல்லை, சம்பாவும் சந்தேகம். வயல் வெடித்துக் கிடக்க, மாமா வரப்பில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருப்பார். வயலில் ஒரு போர் போட்டு மோட்டார் வைத்துவிட்டால் அவர் ஊரோடு இருந்துவிடுவார் என்பது அத்தையின் கணக்கு. அத்தை அதைப் பேசும்போது கேட்டால் நமக்கே காலில் ஈரம் படும். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும். அதன் கீழே மாமா குளிப்பார். அத்தை சோறு கொண்டுபோவாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நிற்பேன்.

ஒருநாள் அது நடந்தது. கடையில் முடிவுத்தாளை நான் படித்தேன். அத்தை மறுபடி படிக்கச் சொன்னாள், பிறகு கடைசி எண்ணிலிருந்து திருப்பிப் படிக்கச் சொன்னாள். கடைக்காரர் எக்கிப் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"விழுந்திருக்குக்கா! மூணாம் பரிசு!" என்றவர் உடனே குரலைத் தாழ்த்தினார். "இத யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. என்கிட்டயும்தான். தஞ்சாவூர்ல பெரிய ஏஜென்டுகிட்டதான் மாத்தணும். பின்னாடி யார் பேரு இருக்கோ அவரே நேர்ல போவணும்."

வழியெல்லாம் அத்தை என் கையை விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் மாமா தஞ்சாவூர் புறப்பட்டார். கைராசிக்காரி கூடப் போகட்டும் என்று என்னையும் அனுப்பினாள் அத்தை. கடைக்காரரிடம் நுனியைக்கூட விடாதவள், மாமாவின் சட்டைப் பையில் சீட்டைத் தானே வைத்து, பையை ஒருமுறை தட்டிக் கொடுத்தாள்.

ஏஜென்டு கடையில் நெடுநேரம் காத்திருந்தோம். கையெழுத்து வாங்கினார்கள், தாளைத் தாளோடு ஒப்பிட்டார்கள். கடைசியில் மாமாவின் மஞ்சள் பை கனமானது. அங்கிருந்து ஒரு மாடிக்குப் போனோம். மின்விசிறி மெதுவாகச் சுற்றிய அறை. சுவரில் மேகத்துக்கு மேலே ஒரு விமானப் படம். மேஜைக்குப் பின்னால் இருந்தவரிடம் மாமா ஒரு சின்ன நீலப் புத்தகத்தைக் கொடுத்தார், பையையும் கொடுத்தார். நான் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேகத்தில் நகர்கிறதா, நிற்கிறதா என்று தெரியவில்லை. கீழே வந்ததும் மாமா எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். இன்னொன்று கேட்டேன், அதையும் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தென்னைகளும் காய்ந்த வயல்களும் வெயிலில் மிதந்துபோயின.

"பாப்பா, சீட்டு விழலன்னு அத்தகிட்ட சொல்லிடுவோம்" என்றார் மாமா. "போர் வண்டிய வயல்ல கொண்டாந்து நிறுத்துறப்ப தெரிஞ்சாப் போதும். அதுவரைக்கும் நமக்குள்ளயே இருக்கட்டும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்கள் யாரும் அதுவரை என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னதில்லை.

அத்தை முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். மாமா செருப்பைக் கழற்றியபடியே சொன்னார், "பேப்பர்ல ஒரு நம்பரத் தப்பா அடிச்சிட்டானாம். அங்க இருக்கற லிஸ்ட்டுல வேற மாதிரி இருக்கு. விழல."

அத்தை கையை நீட்டினாள், "சீட்டு எங்கங்க?"

"விழாத சீட்ட வச்சி என்ன பண்றது? கிழிச்சிப் போட்டுட்டேன்."

அவள் மாமாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ பாத்தியாடி?"

"பாத்தேன் அத்த. நாலு துண்டாக் கிழிச்சாங்க" என்றேன். மாமா சொல்லாத அந்த நாலு துண்டை நானாகத்தான் சேர்த்தேன். அதன் நயத்தை நானே ரசித்தேன்.

அத்தை என் தலையைத் தடவினாள். "பசிக்குதா?"

"இல்ல அத்த. ரோஸ் மில்க் குடிச்சேன், ரெண்டு கிளாசு."

"ரெண்டா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரரிடம் அத்தனை கேள்வி கேட்பவள் ஏன் இங்கே சும்மா இருக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. இன்னும் இரண்டு பொய் என் கைவசம் தயாராக இருந்தன.

மூன்று வாரத்தில் மாமா மறுபடியும் துபாய்க்குக் கிளம்பிவிட்டார். கூட வேலை பார்த்தவர் காசு வாங்காமலே விசா அனுப்பியிருக்கிறார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். அத்தை சண்டை போடவில்லை. முறுக்கு சுட்டு, டப்பாவில் அடைத்து, பெட்டியில் வைத்தாள். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. போர் வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போகிறார், அது தானாக வரும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் வயல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பேன்.

மாமா போன மறுவாரம் அத்தையோடு கடைத்தெருவுக்குப் போனேன். அவள் லாட்டரிக் கடை இருந்த பக்கம் திரும்பாமல் நடந்தாள். கடைக்காரர்தான் பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்தார்.

"என்னக்கா, அப்புறம் வரவே இல்ல? பரிசு வாங்கியாச்சா?"

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "ஆச்சுங்க. அவரே போயி வாங்கிட்டு வந்துட்டாரு."

"கையில குடுத்தானா? ஏமாத்தலையே?"

"கடைக்காரங்க யாரும் ஏமாத்தலங்க. போர் போடப் போறோம்."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கைராசிக்காரப் பாப்பாவுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

"அவ மாமா ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டு அத்தை வேகமாக நடந்தாள். நான் ஓடித்தான் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பாவம் அத்தை, பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறாளே, அவளுக்கு ஒன்றுமே தெரியாதே என்று எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.