ஜீப் திரும்பிய வாசல்

கம்பத்தில் எங்கள் தெரு, கம்பம்மெட்டுக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே வந்து சுருளியம்மாள் வீட்டோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் வாய்க்கால்தான், வழி கிடையாது. அவள் வீட்டுக்கு முன்னால் வெறும் மண் வாசல் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் மாடு கட்டிய இடம். மாடு போன பிறகு அங்கே ஜீப் திரும்பியது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் மலைக்கு மேலே, கேரளாப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் டிரைவர் சங்கிலியின் ஜீப் தெருவுக்குள் வரும். கடைசி வரை வந்து, சுருளியின் வாசலில் மூக்கை நுழைத்து, கொஞ்சம் பின்னால் போய், ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கும். முதலில் ஏறுகிறவள் சுருளி. பிறகு வீடு வீடாக நின்று ஆளை அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் அவரவர் வாசலிலேயே இறக்கிவிடும். நாள் முழுக்கச் சரிவில் குத்தவைத்துக் காய் எடுத்து, நனைந்த சேலையோடு வருகிறவளுக்குச் சொந்த வாசலில் இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

அதனால்தான் தெருவின் கடைக்கோடியில், சுருளி வீட்டுக்கு அருகே இருந்தும் என் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு விடும் அறைகள் இரண்டும் காலியாகக் கிடந்ததில்லை. வருசநாட்டிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் ஜீப் உள்ளே வருமா என்றுதான் கேட்பார்கள். வரும் என்றால் சாமானை இறக்கிவிடுவார்கள். ரோட்டோரத்து வீட்டுக்கு என்ன வாடகையோ அதையே நானும் வாங்கினேன்.

சுருளி இளவயதிலேயே புருஷனை இழந்தவள். காய் எடுத்தே ஒற்றை மகள் மாரீஸ்வரியை வளர்த்துச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்தாள். ஜீப்பில் டிரைவருக்குப் பின்னால், ஓரத்தில், அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. மலையேறும் மெட்டு வளைவுகளில் கம்பியில் தலை முட்டாமல் தூங்கிக்கொண்டே போவாள். மற்றவர்கள் அதை ஒரு வித்தை மாதிரிச் சொல்வார்கள். அவளுக்கு அது வித்தையில்லை, அசதி.

தேனி தனி மாவட்டமாகிப் பல வருஷம் கழித்து அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. குத்தவைத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். எழுந்தாலும் ஏலச்செடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஒரு சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகக்கூடத் தெம்பில்லாமல் என் படியில் உட்கார்ந்து சொன்னாள்:

"மதினி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். வெயிலு மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் படுத்துக் கெடக்கணும். அம்புட்டுத்தான்."

அதற்கு வீட்டை விற்று அந்தப் பணத்தில் சாப்பிடுவதைத் தவிர வேறு வழி அவளுக்கு இல்லை.

தரகர் சின்னக்கருப்பு வந்தார். வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலைக் காலால் அளந்துகொண்டே நடந்தார்.

"ஆத்தா, இப்ப வீடு வாங்க வாரவுக அடுப்படியப் பாக்குறதில்ல. வண்டி எங்கன நிக்கும்னுதான் பாக்குறாக. ஒன் வீட்டுக்கு வெல கெடையாது. இந்த வாசலுக்குத்தான் வெல."

அவர் சொன்னது பொய்யில்லை. சம்பளக்காரர்கள் லோன் போட்டுக் கார் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. பழைய தெருக்களில் கார் வாங்கலாம், நிறுத்த முடியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாருமே சுவர் எழுப்பிக் கேட் போடுவதைப் பற்றித்தான் பேசினார்கள். அவளும் எல்லாரிடமும் ஒன்றைத்தான் கேட்டாள்: காலையில் ஜீப் திரும்பிக்கொள்ள விடுவீர்களா? ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப என் காரு வாய்க்கால்லயா படுக்கும்?" என்று ஒருவர் சிரித்துவிட்டுப் போனார்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. எல்லாரும் அவள் வீட்டுக்குப் போனோம். நானும் போனேன். வாசல் போனால் ஜீப் வராது, ஜீப் வராவிட்டால் எங்கள் வீடுகளைச் சீந்த ஆளிருக்காது என்று ஆளாளுக்குச் சொன்னோம். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே முழுதும் கேட்டாள்.

"நான் ஏறாத ஜீப்புக்கு என் வாசல் எதுக்கு மதினி? வேணும்கிறவுக சேந்து வாங்கிப் போடுங்க. வெளியாளுக்குச் சொன்னதுல கொறைச்சே தாரேன்."

நியாயமான பேச்சுதான். பிள்ளையார் கோயில் முன்னால் கூடினோம். ரோட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஜீப் எப்படியும் எங்களைத் தாண்டித்தானே போக வேண்டும், நாங்கள் எதற்குப் பணம் தர வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். தெரு முனையில் டீக்கடை வைத்திருந்த சங்கரலிங்கம், ஜீப் ரோட்டிலேயே நின்றால் எல்லாருக்கும் பொதுவாக இருக்குமே என்றார். அவர் டீக்கடை வாசலில் ஜீப் நின்றால் அது யாருக்குப் பொது என்று எனக்குத் தெரியாதா? கடைசியில் மிஞ்சியது கடைக்கோடியில் இருந்த நாங்கள் சில பேர். எங்களால் அந்த வாசலில் ஒரு மூலையைக்கூட வாங்க முடியாது.

விஜய்பாண்டி என்கிற அரசாங்கச் சம்பளக்காரருக்கு வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, சுருளி மகள் வீட்டுக்குப் போனாள். அவர் நல்ல மனுஷர்தான், வீட்டுக்கு வீடு இனிப்புக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால் சுவர் எழும்பிவிட்டது.

சங்கிலி கொஞ்ச நாள் ரோட்டிலிருந்தே ஜீப்பைப் பின்னால் எடுத்துத் தெருவுக்குள் வந்து பார்த்தான். இருட்டில் ஆளாளுக்கு ரைட்டு, லெஃப்ட்டு என்று கத்துவார்கள். ஒரு நாள் என் வீட்டு மூலையில் இடித்து, சுவர்க் காரையைப் பேர்த்துவிட்டான். இறங்கிவந்து தலையைச் சொறிந்தான்.

"அத்தை, மெட்டுல அம்புட்டு வளைவையும் கண்ண மூடிக்கிட்டுத் திருப்பிருவேன். ஒங்க தெருவுல பின்னால வர எனக்குத் தெம்பில்ல."

அன்றோடு ஜீப் ரோட்டிலேயே நின்றுவிட்டது. என் அறைகளில் இருந்தவர்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக ரோட்டோரத்துக்குக் குடிபோனார்கள். கடைக்கோடியில் வீட்டை விற்க நினைத்தவர்கள் சின்னக்கருப்பு சொன்ன விலையைக் கேட்டுவிட்டு நினைப்பை விட்டார்கள். சங்கரலிங்கம் கடைக்கு மேலே மாடி கட்டினார். விஜய்பாண்டிதான் பாவம். காலையும் சாயங்காலமும் ஜீப் தெரு முனையை அடைத்துக்கொண்டு நிற்கும், டீ குடிக்க வருகிறவர்களின் பைக்குகள் மிச்சத்தை அடைக்கும். கார் உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது. சண்டை போட்டுப் பார்த்து அலுத்து, காரைக் கோயில் பக்கம் ரோட்டில் உறை போட்டு நிறுத்திவிட்டார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வாசலில் அவர் வீட்டம்மா மிளகாய் காயப் போட்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் சுருளி பையோடு வந்து நின்றாள். மகள் குடியிருந்தது மாடி வீடு. ஒவ்வொரு படியும் முழங்காலைத் தின்றதாம். மருமகனுக்கு விடியற்காலை வேலை, அவருக்குச் சோறு பொங்க அங்கேயும் இருட்டில் எழ வேண்டியதாம். என் அறை காலியாக இருப்பது தெரிந்துதான் வந்திருந்தாள். நான் பழைய வாடகையைச் சொன்னேன்.

"ஜீப்பு வராத தெருவுக்கு இம்புட்டு வாடகையா மதினி?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஜீப்பு வராமப் போனது யாரால?"

வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "என்னாலதான். வெல எறங்குனது என்னையவிட யாருக்குத் தெரியும்? தெரிஞ்சுதான் கேக்குறேன்."

பேசிப் பேசி, வீடு விற்றுத் தபால் ஆபீஸில் போட்டிருந்த பணத்துக்கு வரும் வட்டியில் சாப்பாடு போக அடங்குகிற அளவுக்கு என்னை இறக்கிவிட்டாள். நான் அன்றைக்கு அவளிடம் வாசலை விற்காதே என்று கேட்டது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். விற்றது சரிதான் என்று அவள் சொல்வாள். இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

விடிவதற்கு முன்னால் பெண்கள் தூக்குவாளியோடு ரோட்டை நோக்கி நடக்கிறார்கள். என் வீட்டைக் கடக்கும்போது யாராவது ஒருத்தி வேண்டுமென்றே பின்கட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்கிறாள்: "தூங்கு ஆத்தா, நல்லாத் தூங்கு."

அந்த அறைக்கு வெயில் தாமதமாகத்தான் வருகிறது, விஜய்பாண்டி கட்டிய சுவர் மறைக்கிறது. சுருளி அந்தத் தாமதத்துக்கும் சேர்த்துப் படுத்திருக்கிறாள்.