வரப்போகிறவருக்குப் போட்ட நாற்காலி

அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. நாத்தனாரைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் உண்டு. நான் பொறாமைப்பட்டது இன்னும் பிறக்காத ஒருவரைப் பார்த்து. கல்கி அவதாரத்தைப் பார்த்து. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அவர்கள் வீட்டுக்காரர் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவராக இருப்பார்.

என் வீட்டுக்காரர் வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிவரும் லொறியை ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, டிவி, குறட்டை. நான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்வது என் வேலை. மகள் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன பிறகு, பதுளைக்கு வெளியே ரோட்டோர வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இனிமேலாவது மனுஷன் நம்மோடு நாலு வார்த்தை பேசுவார் என்று நம்பியிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் கல்கி குறுக்கே வந்தார்.

பதுளை டவுனில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், சனிக்கிழமைகளில் தம் வீட்டில் பாகவதம் வாசித்து விளக்கம் சொல்லிவந்தார். மரக்கறிக் கடைக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போக, வீட்டுக்காரரும் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் தவறவில்லை. சாராயம் நின்றது. தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் பெண்கள், "கொடுத்து வச்சவ அக்கா நீ" என்றார்கள். கூடவே ஒருத்தி, "அண்ணன் அங்க வர்றவங்களுக்கெல்லாம் தன் கையாலேயே தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறாராமே" என்றாள். எனக்குக் காது சூடானது. எனக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட இந்த வீட்டில் அவர் தண்ணீர் சுட வைத்ததில்லை.

பேசாத மனிதர் பேச ஆரம்பித்தார். அதுவும் கலியைப் பற்றியே. மழை தவறும், காசு இருப்பவன்தான் பெரிய மனுஷன் ஆவான், நீளமாக முடி வளர்த்தால் அதுதான் அழகு என்பார்கள் என்று அடுக்குவார். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"கலி முத்திப்போச்சுன்னா ஆம்பளைங்க பெத்தவங்கள விட்டுட்டுப் பொண்டாட்டி பேச்சையும் மச்சான் பேச்சையும் கேப்பாங்கன்னு போட்டிருக்கு."

"அப்படீன்னா நம்ம வீட்டுக்கு இன்னும் கலி வரலீங்க. வந்தா சொல்லுங்க, நானும் பாக்கணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் என் வாய்க்கு லேசாகவாவது சிரிப்பார்.

அப்படி என்னதான் நடக்கிறது என்று ஒரு சனிக்கிழமை நானும் போனேன். அதிகாரி நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சூரியனும் சந்திரனும் வியாழனும் பூச நட்சத்திரமும் ஒரே ராசியில் கூடும்போது கலி முடிந்து புது யுகம் பிறக்கும் என்று பாகவதத்தில் இருப்பதை வாசித்தார். பஞ்சாங்கத்தை விரித்து, "இந்த ஆடி அமாவாசைக்கு வியாழன் கடகத்தில நிக்கிறார். சூரியனும் சந்திரனும் அங்கதான். பூசமும் அங்கதான். எல்லாம் பொருந்தி வருகுது" என்றார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, கண் விரிந்து, மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். எங்கள் கல்யாணத்தன்று அந்த முகம் எங்கே போயிருந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரவர் வீட்டில் வரப்போகிறவருக்கு ஓர் ஆசனம் போட்டு வைக்க வேண்டும் என்று அங்கே முடிவானது. எங்கள் வீட்டில் சாய்ந்து உட்கார இருந்தது ஒரே ஒரு நாற்காலி. என் அண்ணன் கல்யாணச் சீராகச் செய்து கொடுத்தது, கைவைத்த நாற்காலி. பிள்ளைக் காம்பராவில் இடுப்பொடிந்து வந்தால் நான் விழுகிற இடம் அதுதான். வீட்டுக்காரர் அதைத் துடைத்து, வெள்ளைத் துண்டு விரித்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"அந்தணர் வீட்டுல பிறக்கிறவருன்னுதானே போட்டிருக்கு? அவரு லொறிக்காரர் வீட்டுக்கு என்னத்துக்கு வர்றாரு?" என்று கேட்டேன்.

"பிறக்கிறதுதான் அங்க. மொதல்ல யாரு வீட்டுப் படியேறுவாருன்னு போடலியே."

அன்றிலிருந்து விடிந்ததும் அவரே எழுந்து தேத்தண்ணி போட்டார். பால்மா கரைத்து, சீனி போட்டு, நல்ல கோப்பையில் ஊற்றி, நாற்காலிக்கு முன்னால் வைப்பார். நான் அடுப்படியில் நின்று, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பாலில்லாத வெறும் சாயத்தண்ணி குடிப்பேன். நாங்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள், அப்படிக் குடிப்பது புதிதில்லை. ஆனால் ஆள் இல்லாத நாற்காலிக்குப் பால் தேத்தண்ணி போவதைப் பார்த்துக்கொண்டு குடித்தது புதிது. ஒரு பொம்பளையோடு போயிருந்தால்கூட முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். இவரை எங்கே பிடித்து இழுப்பது?

ஆடி பிறந்ததும் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று பதுளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வீட்டுக்காரர் வந்தார், போர்வை கொடுத்தார், போனார். மற்றப் பெண்களின் கட்டிலருகே புருஷன்மார் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

ஆஸ்பத்திரி டிக்கட்டை வெட்டி, இனி வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னது சரியாக அமாவாசையன்று. போன் எடுத்தேன்.

"இன்னைக்கு அமாவாசையாச்சே" என்றார் வீட்டுக்காரர். "கதவத் தொறந்து வச்சிக்கிட்டு ஆள் இருக்கணும். நீ ஒரு ஆட்டோ புடிச்சு வந்துர்றியா?"

பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் பையைத் தூக்கி வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். குழிக்குக் குழி தையலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அழக்கூட இல்லை, அவ்வளவு ஆத்திரம்.

வாசலில் மாக்கோலம். போட்டது அவர்தான், கோணல்மாணலாக இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. குளித்து, வேட்டி கட்டி, நாற்காலிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்தார். அந்த முகத்தை, அன்று அதிகாரி வீட்டில் பார்த்த அதே முகத்தை, இப்போது நேருக்கு நேர் பார்த்தேன். ஒரு கணம்தான்.

"நீயா" என்றார்.

பையைப் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, வெள்ளைத் துண்டின் மேல் மெல்ல உட்கார்ந்தேன்.

"அது..." என்று இழுத்தார்.

"தரையில ஒக்காரக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு. தையல் விட்டுப்போகும். படுத்துப் படுத்து முதுகெல்லாம் வலி. வேற எங்க ஒக்கார?"

முன்னால் இருந்த தேத்தண்ணியை எடுத்தேன். ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. இரண்டு மிடறு குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கோபித்துக்கொண்டு கொட்டப்போகிறார் என்று நினைத்தேன். பால்மா டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது, கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. ஆவி பறக்கக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"யாருக்கு இது?" என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நீ குடி. அவரு வந்தா வேற ஊத்திக்கலாம்."

சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அவர் கண் வாசலில் இருந்தது.